இவரது மகன்

தமிழ்ச் செய்தித்தாளின் குற்றச் செய்திக்கு ஒரு பழைய வாய்பாடு உண்டு. இன்ன ஊர், இன்ன தெருவைச் சேர்ந்தவர் இன்னார். இவரது மகன் இன்னார் (வயது 24), கூலித் தொழிலாளி. அதற்குப் பிறகுதான் முன்விரோதமும் வாய்த்தகராறும் கத்தியும் வரும். கொலை செய்ததாகச் சொல்லப்படுபவர் செய்திக்குள் நுழைவதற்கு முன்பே அவரைப் பெற்றவர் நுழைந்துவிடுகிறார். முதல் வாக்கியம் முழுவதும் அவருக்கே ஒதுக்கப்படுகிறது. சம்பவம் நடந்த நேரத்தில் அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டாம் ஷிப்டில் நின்றிருக்கலாம். மகனோடு முகம் கொடுத்துப் பேசி ஆறு மாதம் ஆகியிருக்கலாம். வாய்பாடு அதையெல்லாம் கேட்பதில்லை.

அதற்கும் ஒரு நியாயம் இருந்தது. ஒரே ஊரில் நான்கு குமார்கள் இருப்பார்கள். தகப்பன் பெயரையும் தெருவையும் சொன்னால்தான் எந்தக் குமார் என்று தெரியும். மற்ற மூன்று குமார்களின் மானமும் தப்பும். ஊர்க்காரர்கள் படிப்பதற்காக எழுதப்பட்ட வாக்கியம் அது. வெளியூர்க்காரருக்கு அந்தத் தகப்பன் வெறும் பெயர், படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவார். இன்று அதே வாக்கியம் வீட்டு வாசல் படத்தோடு தூத்துக்குடிக்கும் துபாய்க்கும் ஒரே நிமிடத்தில் போய்ச் சேர்கிறது. எழுதும் முறை அப்படியே இருக்க, படிப்பவர் மாறிவிட்டார்.

இதை வானகரத்தில் இருந்துகொண்டு யோசிப்பதற்குக் காரணம் உண்டு. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மேற்கே ஆறேழு கிலோமீட்டர் போனால் பூந்தமல்லி. ராஜீவ் காந்தி கொலை வழக்கை விசாரித்த தனி நீதிமன்றம் இருந்த இடம். கிழக்கே மதுரவாயலில் புறவழிச்சாலை ஏறி வடக்கே போனால் புழல் சிறை. தெற்கே போரூரைத் தாண்டினால் முகலிவாக்கம், இன்னும் போனால் குன்றத்தூர். 2017-இல் தமிழ்நாடு முழுவதும் பேசிய ஒரு வழக்கு அந்த இரண்டு ஊர்களையும் தொட்டது. உள்ளே போனவர்களைப் பெற்றவர்களும் மணந்தவர்களும் முப்பது ஆண்டுக்கு மேலாக இந்தச் சாலைகளில்தான் போய்வருகிறார்கள்.

எண்பதுகளில் வானகரம் என்பது கூவத்தை ஒட்டிய வயல்கள், ஏரிகள், நெடுஞ்சாலை ஓரத்தில் சில கடைகள். டீக்கடையில் ஒரு தினத்தந்தி இருக்கும். 1942-இல் மதுரையில் தொடங்கிய அந்தப் பத்திரிகைதான் எழுத்துக்கூட்டிப் படிப்பவரையும் செய்தி படிக்க வைத்தது. படிக்க வைத்ததில் கொலைச் செய்திகளுக்குப் பெரிய பங்கு. ஒருவர் உரக்கப் படிக்க நான்கு பேர் கேட்பார்கள். கைதானவனின் அப்பா அந்த வழியாகத்தான் வேலைக்குப் போக வேண்டும். அவர் வரும்போது படிப்பவர் நிறுத்துவார். அந்த நிறுத்தத்தைவிட வசை மேல்.

அந்தக் காலத்து ஊர் இளகிய மனம் கொண்டதென்று நான் சொல்ல வரவில்லை. குழாயடியில் பேச்சு நிற்கும். பெண்ணுக்கு வந்திருந்த சம்பந்தம் காரணம் சொல்லாமல் நின்றுபோகும். ஆளைப் பிடிக்க முடியாவிட்டால் அப்பனையோ தம்பியையோ அழைத்துப்போய் நிலையத்தில் உட்காரவைப்பது நடைமுறை. சட்டத்தில் அதற்கு இடம் இல்லை, பழக்கத்தில் இருந்தது. ஆனால் அதே தெருவில் ஒரு வீட்டிலிருந்து, இருட்டிய பிறகாவது, ஒரு தூக்குச் சட்டியில் சோறு வரும். ஒதுக்கியவர்கள் அந்தக் குடும்பத்தை அறிந்தவர்கள். பையன் எட்டாம் வகுப்போடு நின்றதும் தெரியும், அம்மா இட்லி விற்றுக் காப்பாற்றியதும் தெரியும். திட்டுவதற்கும் இரங்குவதற்கும் அவர்களிடம் காரணங்கள் இருந்தன. கொஞ்ச காலத்துக்குப் பிறகு வேறொரு செய்தி வரும். செய்தித்தாள் பஜ்ஜி மடிக்கப் போய்விடும்.

இழிவு எல்லோருக்கும் ஒரே அளவில் வந்ததும் இல்லை. சாதிக்காகச் செய்த கொலையென்றால் குடும்பம் தலைகுனிய வேண்டியதில்லை என்று நினைப்பவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். 2015 கோகுல்ராஜ் கொலை வழக்கின் முதல் குற்றவாளி தலைமறைவாக இருந்தபடியே தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்ததைப் பார்த்தோம். இந்தக் கட்டுரையில் வரும் குடும்பங்கள் அப்படிப்பட்ட கூட்டம் பின்னால் இல்லாதவை.

பத்திரிகை வெளிச்சம் என்பதும் புதிதல்ல. 1944 நவம்பரில் இந்துநேசன் ஆசிரியர் லட்சுமிகாந்தன் குத்தப்பட்டு இறந்தபோது, அந்த ஆண்டு இறுதிக்குள் நடிகர்கள் எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். தீர்ப்பில் தண்டனை, பிரிவி கவுன்சில் வரை மேல்முறையீடு, 1947-இல் விடுதலை. அந்த இரண்டரை ஆண்டுகளில் கிருஷ்ணனின் மனைவி டி.ஏ. மதுரம் செய்த காரியம் பெரிது. வழக்குக்குப் பணம் புரட்டிக்கொண்டே, எஸ்.வி. சகஸ்ரநாமத்தைத் துணையாகக் கொண்டு நாடகக் குழுவையும் நடத்தினார். கணவர் கொலை வழக்கில் சிறையில் இருக்கும்போது மேடையேறி ஜனங்களைச் சிரிக்கவைத்தவர் அவர். ஆனால் அவருக்கு மேடை இருந்தது, தொழில் இருந்தது, ஊர் முழுக்க ரசிகர்கள் இருந்தார்கள். இட்லி விற்கும் அம்மாவுக்கு இட்லி வாங்க வருபவர்கள்தான் இருந்தார்கள். அவர்களும் சில நாள் வரமாட்டார்கள்.

பூந்தமல்லியில் நடந்த ராஜீவ் கொலை வழக்கு இதையெல்லாம் வேறு அளவுக்குக் கொண்டுபோனது. 1994-இல் விசாரணை தொடங்கியது. மூடிய அறைக்குள் நடந்தது. செய்தியாளர்களுக்கு அனுமதி இல்லை. அரசுத் தரப்பில் 288 சாட்சிகள். 1998 ஜனவரி 28 அன்று குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பு வந்தது. அந்த 26 பேரில் ஒருவர் நளினி. அவரைப் பெற்ற தாயும் உடன்பிறந்த தம்பியும் கூடவே இருந்தார்கள். வெளியே இருந்து சோறு கொண்டுவர வேண்டியவர்களே உள்ளே இருந்தார்கள். 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தாயையும் தம்பியையும் சேர்த்து 19 பேரை விடுவித்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வருபவருக்குத் தெரு அடையாளம் தெரியாமல் போயிருக்கும்; தெருவுக்கு அவர்களை நன்றாக அடையாளம் தெரிந்திருக்கும்.

அதே வழக்கின் இன்னொரு தாய் அற்புதம்மாள். 1991 ஜூன் 11 அன்று, விசாரித்துவிட்டு மறுநாள் காலை அனுப்பிவிடுகிறோம் என்ற சொல்லை நம்பிப் பத்தொன்பது வயது மகன் பேரறிவாளனை அதிகாரிகளிடம் ஒப்படைத்ததாக அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். மகன் திரும்ப 31 ஆண்டுகள் ஆயின. வழக்கம்போல் அவரும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்திருக்கலாம். மாறாக, தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஜோலார்பேட்டையிலிருந்து வேலூருக்கும் சென்னைக்கும் அலைந்தார். எந்த நிருபர் கேட்டாலும் பேசினார், கேட்காதவர்களைத் தேடிப்போயும் பேசினார். 2013-இல், பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே, அதை முழுமையாக எழுதவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் பேரறிவாளனை விடுவித்தது. அற்புதம்மாளைத் தமிழ்நாடு இன்று பெயர் சொல்லி அறியும். ஆனால் அவரை எடுத்துக்காட்டாக நிறுத்துவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. மகன் குற்றமற்றவன் என்று உறுதியாக நம்பும் தாய்க்குப் பேச வாய் இருக்கிறது. செய்திருப்பான் என்று உள்ளூரத் தெரிந்த தாய் எந்த மேடையில் ஏறுவார்?

செய்தியை அறியும் வழியும் மாறியது. தொண்ணூறுகள் வரை பிள்ளை கைதானது வீட்டுக்கு மறுநாள் செய்தித்தாளில்தான் தெரியவந்தது, அல்லது ஊர்க்காரர் யாரேனும் சைக்கிளில் வந்து சொன்னார். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில், கைது செய்ததை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவித்தாக வேண்டும் என்று கட்டளையிட்டது. பிறகு அது சட்டத்திலும் ஏறியது. இன்று நிலையத்திலிருந்து போன் வருகிறது. அதற்கு முன்னதாக, குடும்ப வாட்ஸப் குழுவில், இது நம்ம தம்பி மாதிரி இருக்கே என்று யாரோ ஒரு வீடியோவைப் போட்டுவிடுகிறார்கள்.

அந்தரங்க உரிமை பற்றிய நம் முக்கியமான தீர்ப்புகளில் ஒன்று ஒரு கொலைக் கைதியின் கதையிலிருந்து வந்தது என்பது பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை. ஆறு கொலைகளுக்காக 1991-இல் செங்கல்பட்டு நீதிமன்றம் ஆட்டோ சங்கருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. சிறையில் அவர் முந்நூறு பக்கத்துக்குத் தன் கதையை எழுதி, வழக்கறிஞரிடம் சேர்க்கச் சொல்லி மனைவியிடம் கொடுத்தார். அதிகாரிகள் பலருடைய பெயர்கள் அதில் இருந்தன. நக்கீரன் அதைத் தொடராக வெளியிடப் போவதை அறிந்து அரசு தடுக்கப் பார்த்தது. 1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம், வெளியிடும் முன்பே தடுக்க அரசுக்கு அதிகாரம் இல்லை என்றது. கூடவே இன்னொன்றும் சொன்னது: ஒவ்வொரு குடிமகனுக்கும் தன் வாழ்க்கையையும், குடும்பத்தையும், திருமணத்தையும், பிள்ளைகளையும் பற்றிய அந்தரங்கத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு, பொது ஆவணங்களில் பதிவானவற்றை ஒப்புதல் இல்லாமலும் எழுதலாம். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது இந்தத் தீர்ப்பையும் எடுத்துப் பேசினார்கள். ஆட்டோ சங்கர் 1995 ஏப்ரலில் சேலத்தில் தூக்கிலிடப்பட்டார். அவர் கதை அதன்பின் எத்தனையோ வடிவங்களில் வந்துகொண்டே இருக்கிறது. குடும்பம் என்ற சொல் தீர்ப்பில் பத்திரமாக இருக்கிறது.

பிரஸ் கவுன்சிலும் தன் நெறிமுறைகளில் இதைச் சேர்த்திருக்கிறது. குற்றத்தில் தொடர்பில்லாத உறவினர்களை, செய்திக்குத் தேவையில்லாதபோது, பெயர் சொல்லி அடையாளம் காட்டக் கூடாது. அந்த நெறிமுறையை எழுதியவர்கள் நம் வாய்பாட்டைப் படித்திருக்க மாட்டார்கள். படித்திருந்தாலும் கவுன்சிலின் எல்லை அச்சுப் பத்திரிகையோடு முடிந்துவிடுகிறது.

இப்போதைய வானகரத்துக்கு கேமரா புதிதல்ல. வயல் இருந்த இடத்தில் திருமண மண்டபம் வந்தது; 2022 ஜூலையில் அ.தி.மு.க. பொதுக்குழு அங்கே கூடியபோது ஓ.பி. வேன்கள் நெடுஞ்சாலை ஓரம் வரிசையாக நின்றன. மருத்துவமனை, மொத்த மீன் சந்தை, அடுக்குமாடிகள், கேட்டில் ஒரு பதிவேடு.  தெற்கே மௌலிவாக்கத்துச் சாலைகளைத் தொலைக்காட்சிகள் 2014 ஜூன் 28 அன்றே பழகிக்கொண்டன. பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்த நாள் அது.

அதன்பின் 2017 பிப்ரவரி. முகலிவாக்கம் பக்கத்தில் ஓர் அடுக்குமாடியில் சிறுமி ஒருத்தி காணாமல் போய், கொல்லப்பட்டது தெரியவந்தது. அதே குடியிருப்பில் இருந்த இளைஞர் கைதானார். குழந்தையைப் பறிகொடுத்தவர்களின் துயரத்தோடு வேறெதையும் ஒப்பிட முடியாது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். கைதானவரின் பெற்றோரும் அதே கட்டடத்தில் குடியிருந்தவர்கள். படிக்கட்டும் லிஃப்டும் பொது. அவர்கள் குன்றத்தூருக்குக் குடிபெயர்ந்தார்கள். மகன் மீதான குண்டர் சட்டக் காவலை அந்த ஆண்டு செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தந்தை ஜாமீனில் எடுத்து வீட்டுக்கு அழைத்து வந்தார். டிசம்பர் 2 அன்று தாய் அந்த வீட்டில் கொல்லப்பட்டுக் கிடந்தார். மகன் மும்பையில் பிடிபட்டார்.

அந்தத் தந்தையின் இடத்தை எண்ணிப் பார்க்கிறேன். ஜாமீன் எடுத்தவர் என்று ஊர் அவரைத் திட்டியது. மனைவியைப் பறிகொடுத்தவர் என்று அதே ஊர் இரங்கியது. ஒரே ஆள், ஒரே வீடு, ஒரே மைக். நிருபர்கள் மரியாதையாகத்தான் கேட்பார்கள். சார், உங்க பையனைப் பத்தி என்ன நினைக்கிறீங்க? கேள்வியில் ஒரு குறையும் இல்லை. கேட்ட நேரந்தான் குறை. பையனுக்குத் தூக்கு வேண்டும் என்று சொன்னால் அன்றைய தலைப்பு அது. என் பையன் என்று தழுதழுத்தால் அதுவும் தலைப்பு. பேசாமல் கதவைச் சாத்தினால் சாத்திய கதவு திரையில் மூன்று முறை ஓடும்.

2018 பிப்ரவரியில் செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் சிறுமி வழக்கில் தூக்குத் தண்டனை விதித்தது. ஜூலையில் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. தாய் கொலை வழக்கில் தந்தை பிறழ்சாட்சி ஆனார். 2025-இல் அந்த வழக்கில் விடுதலை. அதே ஆண்டு அக்டோபர் 8 அன்று உச்ச நீதிமன்றம், குற்றம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை என்று சிறுமி வழக்கிலும் விடுவித்தது. தந்தை கூண்டில் ஏறி ஏன் அப்படிச் சொன்னார் என்று ஊகிக்க எனக்கு விருப்பமில்லை. ஜெர்மனியில் நெருங்கிய உறவினர் சாட்சி சொல்ல மறுக்கலாம். சட்டமே அந்த வழியைத் திறந்து வைத்திருக்கிறது. நம் சட்டம் கணவன் மனைவிக்குள் பேசிக்கொண்டதை மட்டும் காக்கிறது. பெற்றவருக்கு அந்தச் சலுகை இல்லை. தலைமறைவானவருக்கு இடம் கொடுத்த குற்றத்திலும் இதே கணக்குதான். 1860-ஆம் ஆண்டுச் சட்டம் கணவன் மனைவிக்கு மட்டும் விலக்கு அளித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அங்கேயே நிற்கிறது. பின்வாசல் வழியாக வந்த பிள்ளைக்குச் சோறு போட்டு ஓரிரவு படுக்கவைத்த தாய் குற்றவாளி ஆகலாம். நூற்றறுபது ஆண்டுகளில் மாறாதது இது ஒன்று.

2018 ஜூலையில் அயனாவரத்தில் ஒரு சிறுமியைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் 17 பேர் ஒரே சமயத்தில் கைதானார்கள். லிஃப்ட் இயக்குபவர், காவலாளி, பிளம்பர் என்று பெரும்பாலும் அடுக்குமாடிகளில் வேலை பார்த்தவர்கள். நீதிமன்ற வளாகத்துக்கு அழைத்து வந்தபோது வழக்கறிஞர்கள் சிலரே அவர்களைத் தாக்கினார்கள். குற்றத்தின் கொடுமைக்கு அந்தக் கோபம் எழுந்தது இயல்பு. ஆனால் அன்று பதினேழு வீடுகளிலும் அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள், குழந்தைகள் உட்பட. 2020 பிப்ரவரியில் 15 பேருக்குத் தண்டனை வந்தது. ஒருவர் இடையில் இறந்துபோனார், ஒருவர் விடுவிக்கப்பட்டார். விடுவிக்கப்பட்ட அந்த ஒருவரின் வீட்டாருக்கு முதல் நாள் காட்சியை யார் திருப்பி எடுத்துக்கொண்டார்கள்?

கைதானவரின் படமும் மாறிவிட்டது. அன்று பாஸ்போர்ட் அளவுக் கறுப்பு வெள்ளைப் படம், பள்ளிக்கூடத்தில் எடுத்ததாகக்கூட இருக்கும். இன்று மாவுக்கட்டு. தப்பி ஓடும்போது பாலத்திலிருந்து விழுந்தார், கழிவறையில் வழுக்கி விழுந்தார் என்ற குறிப்போடு, கையிலும் காலிலும் கட்டுப் போட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கும் படம். அதற்குக் கீழே சிரிப்பு முகங்கள். வழுக்கி விழவில்லை என்று எல்லோருக்கும் தெரியும், சிரிப்பே அதனால்தான். அந்தப் படத்தை ஒருத்தி தன் தம்பியாகப் பார்க்கிறாள். தம்பி செய்தது கொடுமை என்றும் அவளுக்குத் தெரியும், தம்பியை அடித்திருக்கிறார்கள் என்றும் தெரியும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிக் கேட்க ஆள் இல்லை.

காவல்துறை எதை, எப்போது ஊடகத்துக்குச் சொல்லலாம் என்று வழிகாட்டி எழுதும்படி 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உள்துறை அமைச்சகத்துக்குச் சொன்னது. ஊடக விசாரணை நீதியைக் கெடுக்கிறது என்று நீதிபதிகள் கவலைப்பட்டார்கள். சரியான கவலை. ஆனால் அதிகாரி வாயை மூடினாலும் பக்கத்து வீட்டு மாடியில் ஒரு செல்போன் இருக்கும். அதை வைத்திருப்பவர் நிருபர் இல்லை, அவருக்கு ஆசிரியர் இல்லை, மன்னிப்புக் கேட்கும் பத்தியும் இல்லை.

சிறைக்குப் போய்வருவதில் மட்டும் வாழ்க்கை ஓரளவு மேம்பட்டிருக்கிறது. 2006 வரை மத்தியச் சிறை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வானகரத்திலிருந்து ஒரே நெடுஞ்சாலை, ஒரே பேருந்து. மனு பார்ப்பது என்று அதற்குப் பெயர். மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் இருபது குடும்பங்கள், அந்தப் பக்கம் இருபது பேர், நாற்பது குரலும் ஒன்றாக ஒலிக்கும். எவர் என்ன சொன்னார் என்று வீட்டுக்குப் போய்த்தான் யோசிக்க வேண்டும். பிறகு சிறை புழலுக்குப் போனது. முதலில் தூரம் போல் இருந்தது; புறவழிச்சாலை வந்தபின் அது குறைந்தது. இப்போது பேசுவதற்கு இன்டர்காம், கொரோனாவுக்குப் பிறகு வீடியோ அழைப்பு. படுத்த படுக்கையாக இருக்கும் அம்மா பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடிகிறது. வெளியூரில் கட்டிக்கொடுத்த அக்கா, புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் மொட்டை மாடியிலிருந்து பேச முடிகிறது. இதைச் சின்ன லாபம் என்று சொல்லமாட்டேன். நீதிமன்ற நடையும் பெண்களுடையதுதான். குண்டாஸ் போட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடுபவர் பெரும்பாலும் தாய் அல்லது மனைவி. 1982-இல் அந்தச் சட்டம் வந்தது முதல் தீர்ப்புகளின் தலைப்பில் மனுதாரர்களாக நிற்பவை அந்தப் பெயர்கள்.

அந்தத் தீர்ப்புகள் முன்பு உயர் நீதிமன்ற நூலகத்தில் தடித்த அட்டைகளுக்குள் இருந்தன. இப்போது கைப்பேசியில் பெயரைத் தட்டினால் வருகின்றன. வாடகைக்கு வீடு கேட்டால் உரிமையாளர் தட்டிப் பார்க்கிறார், வரன் பார்ப்பவரும் தட்டிப் பார்க்கிறார். ஊர் மாறினால் போதும் என்பதுதான் பழைய தப்பும் வழி: குடும்பம் திருத்தணிக்கோ ஆரணிக்கோ பெட்டி கட்டும், அங்கே பத்து வருடத்தில் புது மனிதர்கள் ஆகிவிடும். அடுக்குமாடி வந்தபின் அந்தப் பக்கம் ஒரு நிம்மதி இருப்பது உண்மை. எதிர் வீட்டுக்காரர் பெயர் நமக்குத் தெரியாது, நம் கதை அவருக்குத் தெரியாது. குழாயடி இல்லை, குழாயடிப் பேச்சும் இல்லை. தூக்குச் சட்டியும் வராது. கதை தெரியவரும் நாளில் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் பெயர் குறிப்பிடாமல் ஒரு செய்தி வரும், மாதம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்கள்.

விடுதலையான ஒருவரே, தன் பெயரைத் தீர்ப்பிலிருந்து நீக்கக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2021-இல் தனி நீதிபதி, சட்டம் இல்லாமல் அப்படிச் செய்ய முடியாது என்றார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு நீக்கச் சொன்னது. அந்த ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. குற்றமற்றவர் என்று தீர்ப்புப் பெற்றவர் நிலையே இப்படி இழுபறியாக இருக்க, குற்றவாளியின் தங்கை எந்தப் பிரிவில் மனுப் போடுவாள்?

வெளிநாட்டில் இதைக் கொஞ்சம் முன்பே எதிர்கொண்டார்கள், பெரிய விலை கொடுத்து. ஜப்பானில் 1989-இல் சிறுமிகள் கொலை வழக்கில் ஒருவர் கைதானார். அவருடைய தந்தை உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்றை நடத்தியவர். 1994-இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். 2008-இல் சென்டாய் நகரில் கியோகோ அபே என்ற பெண்மணி, குற்றம் செய்தவர்களின் குடும்பங்களுக்காகவே வேர்ல்ட் ஓப்பன் ஹார்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். அழைப்பவர்களின் கவலை வீடு மாறுவது, பிள்ளையின் பள்ளி, நிருபரிடம் என்ன சொல்வது என்பன போன்றவை. அமெரிக்காவில் 1999 கொலம்பைன் பள்ளியில் சுட்ட இருவரில் ஒருவனின் தாய் சூ கிளிபோல்ட், பதினேழு ஆண்டு கழித்து 2016-இல்தான் தன் புத்தகத்தை வெளியிட்டார். பிள்ளையை இழந்த மற்ற பெற்றோரைப்போல அவர் வெளிப்படையாக அழ முடியவில்லை. அவர் மகனும் அன்று இறந்தவன்தான்.

இங்கே இறந்தவரின் குடும்பத்துக்கு 2013 முதல் இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும், இன்னும் விரைவாகக் கொடுக்கவும் வேண்டும். மறுபக்கத்துக் குடும்பத்தை அரசு தற்செயலாகத்தான் தொடுகிறது. 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டம் ஆதரவற்ற குழந்தைகளுக்கு 18 வயதுவரை மாதம் 2,000 ரூபாய் தருகிறது. பெற்றோரில் ஒருவர் இறந்து மற்றவர் சிறையில் இருந்தால் அந்தக் குழந்தையும் அதில் வரும். இந்தப் பிரிவைப் படித்தபோது சற்று நின்றேன். அம்மா இறந்து அப்பா சிறையில் என்றால் பல வீடுகளில் அது இரண்டு செய்தி அல்ல, ஒரே வழக்கு. கொல்லப்பட்டவரின் குடும்பமும் கொன்றதாகச் சொல்லப்படுபவரின் குடும்பமும் அந்தக் குழந்தைதான்.

ரேஷன் கார்டு, ஆதார், வங்கிக் கணக்கு என்று சேர்த்து விண்ணப்பம் கொடுக்க வருபவர் பெரும்பாலும் அம்மாவைப் பெற்ற பாட்டி. வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சியும் அவராகவே இருக்கக்கூடும். மாப்பிள்ளைக்குத் தண்டனை வேண்டும் என்று வாய்தா வாய்தாவாக நீதிமன்றத்துக்கு அலைபவரும் அவர்தான். அப்பா எங்கே என்று குழந்தை கேட்கும்போது என்ன சொல்வது, புழலுக்கு மனு பார்க்க அழைத்துப்போவதா வேண்டாமா, பள்ளியில் அப்பா பெயர் கேட்கும் கட்டத்தில் எதை எழுதுவது என்பதையும் அவரேதான் முடிவு செய்யவேண்டியிருக்கிறது.